சிக்கனக்கார மாப்ளைக்கு

வாரும்வே மாப்ளே, உக்காரும். கையில என்ன, ஃபிலிம் கழுவுற டி-76 டெவலப்பர் பொட்டலமா? ஏதோ ஸ்டுடியோவைக் காலி பண்ணினப்போ சும்மா கெடச்சுதாக்கும்! சும்மா கெடச்சா சுண்ணாம்பையும் பொட்டியில வச்சுப் பூட்டுற குடும்பமாச்சே. எங்க அக்காவை அங்க குடுத்த நாள்லருந்து பாக்கேன்.

இது தேறுமா தேறாதான்னு தெரியணும், அம்புட்டுத்தானே? மேல அச்சடிச்ச தேதியைக் கண்ணுக்கிட்ட வச்சு வாசிக்காதீரும். தூளுக்குக் காலண்டர் தெரியாது. காத்தும் ஈரமும்தான் தெரியும். உள்ள வேலை பாக்கிறது மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும். காத்துப்பட்டா ரெண்டும் நெறம் மாறி வீணாப் போயிரும். அதைத் தடுக்கத்தான் சோடியம் சல்ஃபைட்டை அள்ளிக் கொட்டியிருக்கான். லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெங்காரம் 2 கிராம், சல்ஃபைட் மட்டும் 100 கிராம்! ரெண்டு மந்திரிக்கு நூறு போலீசு காவல். 1920கள்ல கோடாக் கம்பெனிக்காரன் சினிமா ஃபிலிமுக்குன்னு செஞ்ச கூட்டு இது. இல்ஃபோர்டுக்காரன் ஐடி-11ன்னு விக்கதும் கிட்டத்தட்ட இதேதான். ஊட்டியில ‘இந்து’ ஃபிலிம் செஞ்ச காலத்துல நாங்க இதைத் தராசுல நிறுத்து நாங்களே கலக்குவோம். உமக்குப் பொட்டலம் பிரிக்கவே ஆள் தொணை வேண்டியிருக்கு.

பழைய தகர டப்பாவா இருந்து சீலும் உடையலைன்னா, உம்மைவிட மூத்த தூளுகூட நல்லா இருக்கும். இது உறை. நாலு ஓரத்தையும் தடவிப் பாரும், எங்கயாவது ஒட்டு விட்டிருக்கான்னு. ஊசித்துளை போதும், சோலி முடிஞ்சுது.

இப்போ வெள்ளைத் தாள்ல கொட்டும். மூக்கைக் கொண்டு போகாதீரும், விரலையும் வைக்காதீரும். மெட்டால் ஒத்துக்காம கையெல்லாம் சொறி பிடிச்சுத் தொழிலை விட்டவன் உண்டு. வெள்ளையா, இல்ல லேசா சந்தன வெள்ளையா இருந்தா சரி. பழுப்போ ரோஸோ ஏறியிருந்தா வாய்க்கால்ல கொட்டிராதீரும், மீனு பாவம். கட்டி ஒதுக்கி வையும். கட்டி தட்டியிருக்கா? ஈரம் உள்ள போயிருக்குன்னு அர்த்தம். கட்டி வெள்ளையா இருந்து தட்டினதும் உதுந்தா இன்னும் நம்பிக்கை இருக்கு.

பாதியைக் கலக்கிப் பாத்துட்டு மீதியைப் பொங்கலுக்கு வைப்போம்னு நெனைக்கீரு, மூஞ்சியிலயே தெரியுது. அது நடக்காது. பொட்டலம் ஆடி அசைஞ்சு வந்ததுல கனமான துகள் ஒரு பக்கம், லேசான துகள் ஒரு பக்கம்னு பிரிஞ்சு கெடக்கும். பாதியில மெட்டால் எம்புட்டு இருக்குன்னு எந்த ஜோசியக்காரனும் சொல்ல மாட்டான். கலக்கினா முழுசையும் கலக்கணும், அம்பது டிகிரிச் சூட்டுத் தண்ணியில. கரைசல் தெளிஞ்சு, நெறமில்லாம, மிஞ்சிப் போனா வைக்கோல் மஞ்சள்ல நிக்கணும். பழுப்பா வந்தா அத்தோட கதை முடிஞ்சுது.

தெளிஞ்சா? கும்மாளம் போடாதீரும். ஃபிலிமோட நுனி, அதான் லீடர், அதுல ஒரு துண்டை வெட்டி வெளிச்சத்துலயே உள்ள விடும். ஏற்கெனவே வெளிச்சம் பட்ட துண்டுதானே, டார்க் ரூம் எதுக்கு? கொஞ்ச நிமிசத்துல கறுக்கணும். சாம்பலாவே நின்னா தூளுக்கு உசிரில்ல. ஆனா கறுத்துட்டா மட்டும் முழு பலம் இருக்குன்னு சொல்ல முடியாது. உசிரு இருக்குன்னு மட்டும்தான் தெரியும். பலத்தைத் தெரியணும்னா புது டெவலப்பர்ல இன்னொரு துண்டை அதே சூட்டுல, அதே நேரத்துக்குப் போட்டு, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும்.

புதுசுக்கு எங்க போக? கடையில வாங்கணும். வாங்கினப்பெறம் பழசு எதுக்குன்னு கேக்கீரா? அதைத்தானே நானும் கேக்கேன்!

இன்னொண்ணு. எவனாவது எக்ஸ்டால் டெவலப்பர் குடுத்தா இந்த நெறச் சோதனையெல்லாம் மறந்துரும். அது வைட்டமின் சி கூட்டாளியை வச்சு 1996ல வந்த சரக்கு. செத்தப்பெறமும் தண்ணி மாதிரியே தெளிவா நிக்கும். லீடர் துண்டைத் தவிர வேற சாட்சி கெடையாது.

ஆமா, ரோல்ல என்ன எடுத்திருக்கீரு? எங்கம்மாவுக்கு எண்பது முடிஞ்சப்போ எல்லாரும் கூடி நின்ன படமா? அடப்பாவி, ஓசித் தூளுக்கு ஆச்சியையே பணயம் வைக்கீரா? நல்லவேளை, லீடர் வெளியதான் நீட்டிக்கிட்டிருக்கு. கத்தரி மாடக்குழியில கெடக்கு. அந்த நுனியை மட்டும் வெட்டிக்கிட்டு, ரோலை இப்படிக் குடும். புதுப் பொட்டலத்தோட வாரும், தாரேன்.