ஓசூர் ஏர்போர்ட்டுக்கு முன் ஒரு அப்டேட்

வேப்பனப்பள்ளியில் அக்கா மகனுக்கு ஒரே குழப்பம்: மைக்ரோசாப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 போதுமா, 2024-க்கு மாறலாமா? பழையது நூறு ஜிபிக்கு மேல் விழுங்கும். புதியது கொஞ்சமாக இறங்கி, மிச்சத்தைப் பறக்கப் பறக்க நெட்டிலிருந்து உறிஞ்சும். வெளியான 2024 நவம்பர் 19 அன்றே சர்வர் திணறிப் பலர் லோடிங் திரையில் தொங்கினார்கள். இங்கே ஃபோனே அடிக்கடி கர்நாடகா டவருக்குத் தாவிவிடுகிறது.

"பழசையே ஓட்டுடா."

"ஓசூர் ஏர்போர்ட் வரட்டும் மாமா, மாத்திக்கிறேன்."

அதுவும் 2024-இல் சட்டமன்றத்தில் அறிவித்ததுதான்: 2,000 ஏக்கர், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தமோ 2033 வரை 150 கிலோமீட்டருக்குள் போட்டி கூடாது என்கிறது. சரி, பயலுக்குச் செலவு மிச்சம். இப்போதைக்கு பேளகொண்டப்பள்ளித் தனியார் ஓடுதளத்தில் செஸ்னாவை இறக்கிப் பழகுகிறான். அது பாதி நாள் ராகிக் காட்டில் போய் நிற்கிறது.