காதுக்குள் ஒரு காளி பூஜை

கேள்வி: காளி பூஜை வெடிக்குப் பிறகு காதில் ஓயாத ரீங்காரம். ஜிங்கோ மாத்திரை என்கிறார் பக்கத்து வீட்டு தாதா. பூண்டு எண்ணெய் என்கிறார் அத்தை. யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், லேக் மார்க்கெட், கொல்கத்தா

பதில்: அத்தை பேச்சைக் காதில் வாங்குங்கள், எண்ணெயை வாங்காதீர்கள். ஜிங்கோ, துத்தநாகம், மெலடோனின் எதையும் இதற்குப் பரிந்துரைக்கக் கூடாதென்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் வழிகாட்டுதல் 2014-லேயே சொல்லிவிட்டது. ரீங்காரம் தானாகவே ஏறும், இறங்கும். இறங்கும் வாரத்தில் விழுங்கிய மாத்திரைக்குப் பேர் கிடைத்துவிடுகிறது!

முதலில் செவித்திறன் சோதனை. குறை இருந்தால் காது கேட்கும் கருவி. தவிப்பு அதிகமென்றால் மனநல நிபுணரிடம் சிபிடி எனும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை: சத்தம் போகாது, வேதனை குறையும். ராத்திரிக்கு ஃபேன் சத்தமே நல்ல துணை. திடீரென்று காது கேட்காமல் போனால் மட்டும் அன்றே மருத்துவரிடம் ஓடுங்கள்.

உங்கள் மாநிலத்தில் பட்டாசு வரம்பு 2023-இல் 90 டெசிபலிலிருந்து 125 ஆகிவிட்டது. அடுத்த காளி பூஜைக்குள் காதடைப்பான் வாங்கி வையுங்கள், அத்தைக்கும் சேர்த்து.