பட்டாளத்து ஜேசிபி

மணப்பாறைச் சந்தையில் ஒரு மாடு வாங்க நம் குளத்தூர்க்காரர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போவார். பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார். ஏழரை டன் ஜேசிபி வாங்குவதென்றால் மட்டும் அவருக்குக் கட்டைவிரல் ஒன்று போதும்.

புதிதாக எடுத்தால் முப்பது லட்சத்தைத் தொடும் வண்டி, செல்போனில் நாலரை லட்சம். பெயின்ட் மினுங்குகிறது. நம்பர் பிளேட்டில் டிஎன் 55, நம் புதுக்கோட்டை வண்டியேதான். பின்னால் தெரிகிற மைல்கல்லில் மட்டும் இந்தி. விற்பவர் ராணுவ வீரராம், திருச்சி ஏர்போர்ட்டில் இருக்கிறாராம், காஷ்மீருக்கு மாற்றலாம். எல்லையில் நிற்கப் போகிறவரிடம் மைல்கல்லைப் பற்றிக் கேட்க யாருக்கு நாக்கு எழும்?

ஆதார், பான், கேன்டீன் கார்டு, சீருடைப் படம் எல்லாம் கேட்காமலே வந்து விழுகின்றன. நார்த்தாமலைப் பக்கம் உண்மையிலேயே ஜேசிபி ஓட்டுகிறவரிடம் ஆர்சி புக்கைக் கேளுங்கள், "அது பைனான்ஸ்ல கெடக்கு தம்பி" என்பார். அவரிடம் வாங்க நேரில் போகணும், மெக்கானிக்கைக் கூட்டிப்போய் பூமை நீட்டி பின் புஷ் ஆடுகிறதா பார்க்கணும், சேஸிஸ் நம்பரைத் துடைத்துப் படிக்கணும், பரிவாஹன் தளத்தில் கடன் பாக்கியைப் பார்க்கணும், 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கணும். பட்டாளத்துக்காரர் இந்தத் தொல்லை எதுவும் வைப்பதில்லை. "ஆர்மி பார்சல்" கட்டணம் 5,100 போட்டால் போதும். ஏழரை டன், பார்சலில்!

பிறகு வண்டி லெட்சுமணப்பட்டி டோல்கேட் வரை வந்துவிடும். அங்கேயே நிற்கும். ஜிஎஸ்டி கட்டுங்கண்ணா, இன்சூரன்ஸ் கட்டுங்கண்ணா, லேட் ஆனதுக்கு ஃபைன், எல்லாம் திரும்ப வரும். திரும்ப வர இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கண்ணா. பணம் வாங்க எந்த ஊரிலும் பின் நம்பர் தேவையில்லை. போட்டால் போகத்தான் செய்யும்.

"பேராசைக்காரன், ஏமாந்தான்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கிறார்கள். அரியானாவின் நூஹ் மாவட்டத்தில் 2023 ஏப்ரல் கடைசியில் இந்த மாதிரி சைபர் மோசடிக்காரர்களைப் பிடிக்க சுமார் 5,000 போலீசார் 14 கிராமங்களைச் சுற்றி வளைத்தார்கள். நாடு முழுக்க சுமார் 28,000 பேரிடம் 100 கோடி ரூபாய் சுருட்டப்பட்டதாகப் போலீசே சொன்னது. ஃபேஸ்புக்கிலும் ஓஎல்எக்ஸிலும் பைக், கார் விற்பதாக விளம்பரம் போடுவது அங்கே நடந்த தொழில்களில் ஒன்று. மூலதனம் போலி சிம்மும் போலி வங்கிக் கணக்கும். 28,000 பேருக்குமா பேராசை?

அந்தக் கணக்குகளை யார் திறந்து கொடுத்தார்கள்? முதியோர் பணம் வாங்க வரும் கிழவியின் ரேகை பதியவில்லை என்று மறுபடி மறுபடி அலையவிடும் அதே வங்கிகள்தான். விளம்பரத்தை மேலே தூக்கிக் காட்டக் காசு வாங்குகிற கம்பெனியைக் கேட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79ஆம் பிரிவைக் காட்டி, நாங்கள் வெறும் இடைத்தரகர் என்கிறது. மணப்பாறைத் தரகர் மலட்டு மாட்டைச் சினைமாடு என்று கட்டிவிட்டால் அடுத்த வாரம் சந்தையில் கால் வைக்க முடியாது. இவர்களுக்குப் பங்குச்சந்தையில் விலை ஏறுகிறது.

1925இல் விக்டர் லுஸ்டிக் என்ற எத்தன், அரசு அதிகாரி வேஷம் கட்டி, பாரிஸின் ஐஃபெல் கோபுரத்தையே பழைய இரும்பு வியாபாரி ஒருவருக்கு விற்றான். வாங்கியவர் வெட்கப்பட்டுப் புகாரே கொடுக்கவில்லை. அந்தத் தைரியத்தில் லுஸ்டிக் திரும்பி வந்து இன்னொரு தடவை விற்கப் பார்த்தான். நம்மவரும் வீட்டுக்காரிக்குத் தெரியக் கூடாதென்று இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு உடனே போன் அடித்திருந்தால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் முடக்க வழியிருந்தது. மூன்றாம் நாள் ஸ்டேஷனுக்குப் போனால், "சைபர் கிரைம்ல போய்க் குடுங்க" என்கிறார்கள். வங்கிக்குப் போனால், "பின் நம்பர் நீங்கதானே போட்டீங்க?"

ராத்திரி அதே வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வருகிறது: மோசடிகள் குறித்து விழிப்புடன் இருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எஸ்எம்எஸ் கட்டணம் என்று அதற்கும் கணக்கில் பிடித்துக்கொள்வார்கள்.