இரண்டு கை, இரண்டு கால், முப்பது தொண்டை

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி சேப்பலின் ஆர்கனிஸ்டாகவும் கொயர் மாஸ்டராகவும் இருந்த டேவிட் வில்காக்ஸ் (1919–2015) பற்றிப் போன இதழில் எழுதியதற்கு வந்த கேள்விகளில் சில:

கே: ஆர்கனும் வாசித்தார், கொயரையும் நடத்தினார் என்கிறீர்கள். இரண்டு சம்பளமா? (கும்பகோணம்)

ப: ஆசையைப் பாருங்கள்! வில்காக்ஸ் காலத்து இங்கிலாந்தின் பேராலயங்களில் இரண்டும் ஒரே நாற்காலி. பதவியின் பெயர் ஆர்கனிஸ்ட். பிழைப்போ பொடியன்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது. வில்காக்ஸ் 1947இல் சாலிஸ்பரி, 1950இல் வூஸ்டர், 1957இல் கிங்ஸ் என்று மாறி மாறி உட்கார்ந்தது இந்த நாற்காலியில்தான்.

கே: அந்த நாற்காலிக்கு என்ன பரீட்சை? (மதுரை)

ப: ராயல் காலேஜ் ஆஃப் ஆர்கனிஸ்ட்ஸ் என்று 1864இல் தொடங்கிய ஓர் அமைப்பு இருக்கிறது. அதன் ஃபெலோஷிப் தேர்வுதான் இந்தத் தொழிலில் பெரிய முத்திரை. வீட்டில் பழகிவந்த உருப்படிகளை வாசிப்பது அதில் சுலபமான பகுதி. அப்புறம் முன்பின் பார்த்திராத தாளை நீட்டுவார்கள். நாலு குரலுக்கு நாலு வரி. பார்த்த மாத்திரத்தில் அத்தனையையும் இரண்டு கைக்குள் அடக்க வேண்டும். இன்னொரு தாளை, எழுதியிருக்கும் சுருதியில் அல்லாமல் அவர்கள் கேட்கிற சுருதியில் வாசிக்க வேண்டும். கடைசியில் ஒரு துண்டு மெட்டைக் கொடுத்து, அதிலிருந்து அங்கேயே கற்பனை செய்து வாசிக்கச் சொல்வார்கள். மனோதர்மம் நமக்கு மட்டுமே பட்டா போட்டது என்று சபா கேன்டீனில் பேசுகிறவர்கள் கவனிக்க.

கே: காலாலும் வாசிப்பார்களாமே? வாத்தியத்தில் கால் படலாமா? (தஞ்சாவூர்)

ப: படாவிட்டால் மந்தர ஸ்தாயியே கிடையாது. அதற்கென்றே மெல்லிய தோல் அடி வைத்த ஷூ வைத்திருப்பார்கள். அதை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்க மாட்டார்கள். குதியும் விரலும் மாறி மாறி மிதிக்கும். பெரிய ஆர்கன்களில் 32 அடிக் குழாய்கள் இருக்கும். அவற்றின் அடிக்கட்டை ஸ்வரம் வினாடிக்கு சுமார் 16 அதிர்வுதான். காதுக்குக் கேட்கிறதோ இல்லையோ, உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்குக் கேட்கும்.

கே: வில்காக்ஸின் ஞானத்தை முதலில் கண்டுபிடித்தது யார்? (திண்டுக்கல்)

ப: வீட்டுக்குப் பியானோ ட்யூன் பண்ண வந்தவர் என்பார்கள். கார்ன்வால் கடற்கரை ஊரான நியூகீயில் பிறந்த பையன். எந்தக் கட்டையைத் தட்டினாலும் திரும்பிப் பார்க்காமலே ஸ்வரம் சொன்னானாம். 1929இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆபி கொயரில் சேர்ந்துவிட்டான். ட்யூனருக்கு அன்றைக்குக் கூலிக்கு மேல் ஏதாவது கொடுத்திருக்க வேண்டும்.

கே: இவர் போருக்கும் போனார் என்று ஒரு வரியோடு விட்டுவிட்டீர்களே? (வேலூர்)

ப: கிங்ஸில் ஆர்கன் ஸ்காலராக, அதாவது ஆர்கன் வாசிக்கும் மாணவராக, சேர்ந்ததே 1939இல். ஆர்கன் பெஞ்சு சூடேறுவதற்குள் சண்டை வந்துவிட்டது. 1944 ஜூலையில் நார்மண்டியில் 112ஆம் எண் குன்றைப் பிடிக்க நடந்த சண்டையில் காட்டிய துணிவுக்காக மிலிட்டரி கிராஸ் பதக்கம். திரும்பி வந்து படிப்பை முடித்தார். பிற்காலத்தில் அவருடைய ஒத்திகைகளில் யாரும் வாலாட்டவில்லை என்றால் அதற்குப் பதக்கம் காரணமில்லை; காதுதான் காரணம்.

கே: கிங்ஸ் கொயரின் பாட்டில் அப்படி என்ன விசேஷம்? எல்லாப் பையன்களும்தான் பாடுகிறார்கள். (பாளையங்கோட்டை)

ப: முதலில் கட்டடத்தைப் பாருங்கள். சுமார் 88 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம், மேலே விசிறி விரித்தாற்போல் கல் விதானம். ஒரு ஸ்வரத்தைப் பாடி நிறுத்தினால் அது உடனே நிற்காது. மேலே போய்ச் சுற்றிவிட்டு வரும். இப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் அரைக்கால் இடம் முந்தினாலும் சொல் குழம்பிவிடும், ஒருவன் கமகம் மாதிரி குரலை அசைத்தாலும் சுருதி கலங்கிவிடும். வில்காக்ஸ் கேட்டது இரண்டே விஷயம். குரல் ஆடாமல் நேராக நிற்க வேண்டும். ‘த்’ என்று முடிகிற சொல்லை முப்பது பேரும் ஒரே கணத்தில் முடிக்க வேண்டும். கேட்கச் சுலபம். 16 சிறுவர்கள், 14 இளைஞர்கள். அத்தனை பேரும் அதை அன்றாடப் பிரார்த்தனையில் செய்ய வேண்டும்.

இங்கிலாந்துக் கொயர் ஒத்திகைகளில் ஒரு வழக்கம் உண்டு. தப்புப் பாடியவன் பாட்டை நிறுத்தாமல் கையை மட்டும் தூக்கிவிடுவான். ‘தெரிந்துவிட்டது, திருத்திக்கொள்கிறேன், என்னால் எல்லாரையும் நிறுத்தாதீர்கள்’ என்று அர்த்தம். நம் சட்டசபைக்கு இதைச் சிபாரிசு செய்யலாம். கைதான் வலிக்கும்.

இந்தத் தொழிலின் உண்மையான கொடுமையை இன்னும் சொல்லவில்லை. வீணை வித்வானின் வீணையில் ஒவ்வொரு வருஷமும் நல்ல தந்தியாகப் பார்த்து ஒன்று தானே கழன்று ஓடிவிட்டால் எப்படி இருக்கும்? பையன் எட்டு, ஒன்பது வயதில் வருகிறான். நாலு வருஷம் உயிரைக் கொடுத்துப் பழக்கி, இனி இவனை நம்பலாம் என்று வரும்போது மகரக்கட்டு. பெரிய பையன்களோ பட்டம் வாங்கிக்கொண்டு மூன்று வருஷத்தில் கிளம்பிவிடுவார்கள். வில்காக்ஸ் 1957 முதல் 1974 வரை 17 வருஷம் அங்கே இருந்தார். அதற்குள் மொத்தக் கொயரும் எத்தனை தடவை புதிதாகியிருக்கும் என்று கணக்குப் போடுங்கள். ஆனால் இசைத்தட்டுகளைக் கேட்டால் அதே முப்பது பேர் மூப்பில்லாமல் பாடுவது போலிருக்கும். சாதனை அதுதான், சர் பட்டமெல்லாம் (1977) அப்புறம்.

கே: அந்தத் தட்டுகளில் ஒன்றே ஒன்றைக் கேட்கச் சொன்னால்? (சேலம்)

ப: அலெக்ரியின் ‘மிசரேரே’, 1963. உச்சி ஸ்தாயியைத் தொட்டுவிட்டுத் திரும்பும் அந்தச் சிறுவன் ராய் குட்மன். அவர் பின்னாளில் வயலின் கலைஞராகவும் நடத்துநராகவும் பெயரெடுத்தார். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். அந்த ஸ்வரம் முடிந்தபிறகு கட்டடம் பாடும் பகுதியைத் தவற விடாதீர்கள்.

கே: ஆர்கனிஸ்ட் கொயரை நடத்தும்போது ஆர்கனை யார் வாசிப்பார்கள்? (கோவை)

ப: மாணவர்! ஆர்கன் ஸ்காலர் என்று பெயர். சேப்பலுக்குக் குறுக்கே மரத்தடுப்பு, அதன் தலைமேல் ஆர்கன். வாசிக்கிறவர் கண்ணாடியிலோ கேமராவிலோ கீழே கொயர் மாஸ்டரின் கையைப் பார்த்து வாசிக்க வேண்டும். காதை நம்பி, கேட்டபிறகு விரல் வைத்தால் தாமதமாகிவிடும். வில்காக்ஸின் கையைப் பார்த்து இப்படிக் கற்றவர்களில் சைமன் பிரெஸ்டன் உலகப் பெரும் ஆர்கன் கலைஞர்களில் ஒருவரானார். ஆண்ட்ரூ டேவிஸ் பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். 1968இல் கிங்ஸ் பாடகர்களே சேர்ந்து ‘கிங்ஸ் சிங்கர்ஸ்’ என்ற பாட்டுக் குழுவைத் தொடங்கியதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கே: கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தனியாகப் பாடும் சிறுவனுக்குக் கடைசி வரை விஷயமே தெரியாதாமே? (தூத்துக்குடி)

ப: உண்மை. கிங்ஸின் அந்தக் கிறிஸ்துமஸ் ஆராதனை 1918இல் தொடங்கியது. 1928இல் வானொலிக்கு வந்தது. தொடக்கப் பாட்டின் முதல் சரணத்தைத் துணை வாத்தியமில்லாமல் ஒற்றைக் குரலில் பாட வேண்டும். இரண்டு மூன்று பையன்களைத் தயாராக வைத்திருந்து, சிவப்பு விளக்கு எரிகிற நேரத்தில் ஒருவனைக் கை காட்டுவது பல காலமாக வழக்கம். முதல் நாளே சொன்னால் பையன் தூங்க மாட்டான். அம்மாவும் தூங்க மாட்டாள்.

கே: நாங்கள் பாமாலையில் ‘பக்தரே வாரும்’ பாடுகிறோம். இதற்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டா? (நாகர்கோவில்)

ப: மெட்டு அவருடையதல்ல, அது அவருக்கு வெகுகாலம் முந்தியது. ஆனால் 1961இல் ரெஜினால்ட் ஜேக்ஸுடன் சேர்ந்து ‘கேரல்ஸ் ஃபார் கொயர்ஸ்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். அதில் இந்த மெட்டுக்கு இரண்டு வேலை செய்தார். ஒரு சரணத்தில் சபையார் வழக்கம்போலப் பாட, சொப்ரானோக்கள் தலைக்கு மேல் வேறொரு மெட்டில் பறப்பார்கள். கடைசிச் சரணத்தில் எல்லாரும் மெட்டைத்தான் பாடுவார்கள். கீழே ஆர்கன் மட்டும் புதுப்பாதையில் போகும். ஓர் இடத்தில், நாம் பிடித்துப் பழகிய சாதாரண ஸ்வரக்கூட்டுக்குப் பதில், முழு ஆர்கனும் ஒரு கலங்கலான, தவிப்பான ஸ்வரக்கூட்டில் விழும். ஒரே ஒரு ஸ்வரக்கூட்டு! அதற்காகவே வருஷா வருஷம் காத்திருக்கும் ஆர்கனிஸ்டுகள் உலகமெங்கும் இருக்கிறார்கள். உங்கள் சபை ஆர்கனிஸ்ட் வரும் டிசம்பரில் அந்த இடத்தில் லேசாகச் சிரித்தால் காரணம் புரியும்.

கே: ரோலிங் ஸ்டோன்ஸ் தட்டில் இவர் கொயர் பாடியதாக என் மகன் பந்தயம் கட்டுகிறான். (சென்னை)

ப: பணத்தைக் கொடுத்துவிடுங்கள். கிங்ஸ் கொயர் அல்ல. 1960 முதல் 1998 வரை அவர் நடத்திய லண்டன் பாக் கொயர். 1969இல் வந்த ‘லெட் இட் பிளீட்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. இதே கொயர்தான் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் தாமே நடத்தி 1963இல் வெளிவந்த ‘வார் ரெக்வியம்’ தட்டிலும் பாடியது. தட்டின் உறையில் பெரிய எழுத்து இசையமைப்பாளருக்கு. மாதக்கணக்கில் தொண்டைகளைத் தீட்டியவருக்குச் சின்ன எழுத்து.

கே: ஒரேயடியாகப் புகழ்கிறீர்களே, குறையே இல்லையா? (புதுச்சேரி)

ப: உண்டு. அந்தப் பாட்டு அழகாக இஸ்திரி போட்ட சட்டை, உள்ளே ஆள் எங்கே என்று கேட்டவர்கள் அப்போதே இருந்தார்கள். லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் கத்தீட்ரலில் ஜார்ஜ் மால்கம் தன் பையன்களைக் குரலில் காரத்தோடு பாடவிட்டார். அந்தக் காரத்துக்காகவே பிரிட்டன் அவர்களுக்கு ஒரு ‘மிஸ்ஸா பிரெவிஸ்’ எழுதிக்கொடுத்தார். எனக்கும் கொஞ்சம் காரம் பிடிக்கும். ஆனால் காரத்தைப் பாராட்டிவிட்டு வீட்டுக்கு வந்து நான் போடுவது என்னவோ கிங்ஸ் தட்டைத்தான்.

கே: பெண்களுக்கு அந்த நாற்காலி கிடையாதா? (ஈரோடு)

ப: வெகுகாலம் கிடையாது. 1999இல் கேம்பிரிட்ஜின் செல்வின் கல்லூரியில் சாரா மெக்டொனால்ட் உட்கார்ந்தார். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் சேப்பல்களில் அவர்தான் முதல் பெண். 2016இல் பெம்ப்ரோக் கல்லூரியில் அன்னா லாப்வுட் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 21. கிங்ஸின் நாற்காலியில் இன்னும் எந்தப் பெண்ணும் உட்காரவில்லை. அந்தக் கேள்வியை நீங்கள் கேம்பிரிட்ஜுக்கே அனுப்பலாம்.

கே: என் பேரனுக்கு எட்டு வயது. ஆர்கன் கற்றுக்கொடுக்கலாமா? (எழும்பூர்)

ப: முதலில் பியானோ. கால் பெடலுக்கு எட்டும்வரை வேறு வழியில்லை. அதற்கிடையில் உங்கள் பேட்டையிலேயே செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கில் குழாய் ஆர்கன் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போங்கள். பின்வரிசையில் உட்காருங்கள். பையன் பாட்டு நடக்கும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தால் வாத்தியாரைத் தேடுங்கள். நீங்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தால் உங்களுக்கே தேடுங்கள். உங்கள் கால்தான் எட்டுமே.