வேக சென்சாரின் இருப்பிடம்

கேள்வி: செவ்ரோலே பிக்கப் வண்டிகளின் 4எல்60இ தானியங்கி கியர்பெட்டியில் வேக சென்சாரை எங்கே தேடுவது?

பதில்: வண்டியின் வேகத்தை அளக்கும் சென்சார், கியர் மாற்றங்கள் யாவும் முடிந்து சுழற்சி வெளியேறும் இடத்தில்தான் அமைய முடியும் என்பதால், தேடுபவர் எண்ணெய்த் தொட்டியை விட்டுவிட்டு நேரே வாலைப் பிடிக்கலாம்: பின்சக்கரங்கள் மட்டும் உந்தும் வண்டியில், கியர்பெட்டியின் வால்பகுதி உறையின் வலப்பக்கத்தில் அது பொருத்தப்பட்டிருக்கும். நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியிலோ, சுழற்சியை இரு அச்சுகளுக்கும் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கடைசியில் நிற்பதால், சென்சாரும் அங்கே குடிபெயர்ந்துவிடுகிறது. உள்ளே வெளியீட்டுத் தண்டுடன் சுழலும் பல்வளையத்தின் ஒவ்வொரு பல்லும் சென்சாரின் காந்தமுனையைக் கடக்கையில் கம்பிச்சுருளில் சிறு மின்னழுத்தம் பிறக்க, அத்துடிப்புகளைக் கொண்டே கணினி வேகத்தைக் கணக்கிடுகிறது. அதன் இணைப்பியில் இரண்டே கம்பிகள். இடப்பக்கம், கியர் தேர்வுத் தண்டின் மீது பல கம்பிகளுடன் அமர்ந்திருப்பது கியர்நிலை சுவிட்சாகும், அதைக் கழற்றிவிடக் கூடாது.