ஃபிளெக்ஸ் பேனர்களில் நிறச்சரிவு: தோற்றமும் வளர்ச்சியும் (பட்டைச் சிக்கலை முன்வைத்து)

ஆய்வு நோக்கம்

கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சி மாநாடு என எதற்கு ஃபிளெக்ஸ் அடித்தாலும், முகங்களுக்குப் பின்னால் ஒரு நிறம் இன்னொரு நிறமாக மெல்ல மாறிக்கொண்டிருக்கும். டிசைன் கடைக்காரர் ‘ஷேடு’ என்றும் மென்பொருள் ‘கிரேடியன்ட்’ என்றும் அழைக்கும் இதனை எவரும் நின்று பார்ப்பதில்லை. எவரும் பார்க்காத பொருளே முனைவர் பட்டத்துக்கு உகந்தது என்பது கல்விப்புல மரபு. ஆதலின் இவ்வாய்வு எழுந்தது.

ஆய்வெல்லை

நேர்கோட்டுச் சரிவு மட்டும். வட்டச் சரிவைத் தொட்டால் உதவித்தொகைக் காலம் முடிந்துவிடும்.

கருதுகோள்

நல்ல நிறச்சரிவு கண்ணில் படாது. பட்டால் அது நல்லதன்று. ஆனால் கண்ணில் படாத ஒன்றுக்கு வாடிக்கையாளர் காசு தரமாட்டார். “தம்பி, ஷேடு லைட்டா இருக்கட்டும், ஆனா பளிச்சுனு தெரியணும்” என்னும் வழக்காறு (தரவாளர்: வாடிக்கையாளர், களம்: கடை வாசல், காலம்: கரண்ட் போன நேரம்) இம்முரணை ஒரே மூச்சில் உரைத்தல் காண்க.

ஆய்வு முன்னோடிகள்

ஜப்பானிய மரக்கட்டை அச்சுக் கலைஞர்கள், கட்டையின் மேல் மையை ஈரத்தோடு இழுத்து வானத்தைக் கருநீலத்திலிருந்து வெண்மைக்கு இறக்கினர். ‘பொகாஷி’ எனப்படும் இம்முறையை ஹிரோஷிகேயின் படங்களில் காணலாம். இதை அவர்கள் தமிழரிடம் கற்றனர் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆதாரமின்மை நம் ஆய்வுலகில் என்றும் தடையாக இருந்ததில்லை. ஈண்டுப் பக்க வரம்பே தடை. பின்னர் 1990இல் நோல் சகோதரர்களின் போட்டோஷாப் வெளிவந்தது. அதற்கு மாற்றான கிம்ப் மென்பொருள் இலவசம்; ஆகவே மேற்கோள் குறைவு.

வகைப்பாடு

நிறச்சரிவு மூவகைப்படும்.

ஒருநிறச் சரிவு: அடர்நீலம் வெளிர்நீலமாதல். குற்றமற்றது, ஆகவே ஆய்வுக்கு உதவாது.

பன்னிறச் சரிவு: வானவில்லின் அத்தனை நிறங்களும் ஒரே பேனரில். கடை திறப்பு விழாக்களில் மிகுதி. மருந்து இல்லை.

பகைநிறச் சரிவு: சிவப்பிலிருந்து பச்சைக்குப் போவது போல்வன. கூட்டணிக் கட்சிகளின் மேடைகளில் இதற்குத் தேவை உண்டு. இருமுனைகளும் ஒளிவீச, நடுவில் சேறு தோன்றும். இதை அரசியல் விமர்சனம் என மயங்குவோர் உளர். அன்று, இது கணக்கு. சிவப்பு 255, பச்சை 0 என்பதும், சிவப்பு 0, பச்சை 255 என்பதும் நடுவழியில் சந்தித்தால் இரண்டும் 128 ஆகும். 128 என்பது 255இல் பாதி. ஆனால் எஸ்ஆர்ஜிபி முறையில் அந்த எண்ணுக்குத் திரை உமிழும் ஒளி முழு அளவில் ஏறத்தாழ 22 விழுக்காடே. எண் பாதி, ஒளி காலுக்கும் குறைவு, ஆகவே மங்கல். இதற்கு மாற்றாகக் கண் உணரும் வகையில் நிறங்களை அளக்கும் ‘ஓகேலேப்’ முறையை 2020இல் பியோர்ன் ஓட்டோசன் வெளியிட்டார். போட்டோஷாப்பில் இன்று ‘பெர்செப்சுவல்’ என்று தேர்ந்தால் சேறு குறையும். பழைய பதிப்பு வைத்திருப்போர் நடுவில் மஞ்சளாக ஒரு ‘ஸ்டாப்’ வைத்துக்கொள்க. இந்த நுட்பத்தை டிசைன் கடைகள் எந்த நூலையும் படிக்காமலே அறிந்திருத்தல் ஆய்வாளர்க்கு வருத்தம் தருவது.

பட்டையியல்

இனி ஆய்வின் உயிர்நிலை.

வெளிர்சாம்பல் 240இலிருந்து அதனினும் வெளிர்சாம்பல் 250க்கு ஒரு சரிவு இழுக்கிறோம் என்க. 8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே உண்டு. 240க்கும் 250க்கும் இடையில், முனைகளையும் சேர்த்து, 11. இதைப் 10 அடி அகலப் பேனரில் பரப்பினால் ஒரு படிக்கு ஏறத்தாழ 11 அங்குலம். எனவே சரிவு சரிவாக இராது. அருகருகே நிறுத்திய 11 பட்டைகளாக இருக்கும். சரிவு எவ்வளவு மென்மையோ அவ்வளவு படிகள் குறையும். படிகள் குறையக் குறையப் பட்டை அகலும். மென்மையை நாடியவனுக்கே பட்டை கிட்டும் என்பது விதி (காண்க: எனது வெளிவராத கட்டுரை, பக்க எண் இடப்படவில்லை).

இப்பட்டை குறித்து இருபெரும் பள்ளிகள் உள. பட்டை உண்டு என்பார் உண்மைவாதிகள், இவர்கள் வாடிக்கையாளர். பட்டை இல்லை, உங்கள் கண்ணில்தான் என்பார் மாயாவாதிகள், இவர்கள் டிசைனர். (மேலது, மேலே ஒன்றும் இல்லையெனில் கீழது.) 1865இல் எர்ன்ஸ்ட் மாக் இவ்வழக்கைத் தீர்க்கும் செய்தியொன்றை எழுதினார். வெளிச்சமும் நிழலும் அடுத்தடுத்து நிற்குமிடத்தில், கண் வெளிச்சத்தின் ஓரத்தை இன்னும் வெளிச்சமாகவும் நிழலின் ஓரத்தை இன்னும் நிழலாகவும் கூட்டிக் காட்டும். அதாவது படி உண்மை, அதன் பெரிதாக்கம் மாயை. இருதரப்பாரும் சரி என்று ஆனதால் இருதரப்பாரும் கோபித்துக்கொண்டனர்.

பட்டைக்கு மருந்து அழுக்கு. 1962இல் லாரன்ஸ் ராபர்ட்ஸ், படங்களைக் குறைந்த படிகளில் அனுப்பும்போது எழும் பட்டைகளை மறைக்க, வேண்டுமென்றே இரைச்சலைக் கலக்கலாம் எனக் காட்டினார். கிரேடியன்ட் கருவியில் ‘டிதர்’ என்னும் சிறு கட்டம் செய்வதும் இதன் வழிவந்ததே. 240 முடிந்து 241 தொடங்கும் கோட்டை அழித்து, இப்புள்ளிகளை அங்கும் அப்புள்ளிகளை இங்கும் சிதறவிடும். முதலில் ஒன்றிரண்டு, பின் பாதிக்குப் பாதி, பின் பெரும்பான்மை. தள்ளி நிற்கும் கண் இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்துக்கொள்ளும். டிதர் போதாதவர் 16 பிட்டில் வேலை செய்து, முடிவில் சிறிது ‘நாய்ஸ்’ தூவுக. (16 பிட் என்றால் 65,536 படிகள் வரவேண்டும், நடுவில் சரியாக ஓர் எண் வாய்க்கட்டும் என்று போட்டோஷாப் 32,769இலேயே நிறுத்திக்கொள்கிறது. இதனைக் கண்டிக்கும் அடிக்குறிப்பு நெறியாளரால் நீக்கப்பட்டது.)

எனினும் பட்டைக்கு மறுபிறவி உண்டு. புரூஃப் அனுப்பவென்று குறைந்த தரத்தில் ஜேபெக்காகச் சேமித்தால், அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டி, நுண்ணிய இரைச்சலைத் தேவையற்றது என எறிந்துவிடும். தூவிய அழுக்கு போகப் பழைய பட்டை எழும் (காண்க: மவுஸ்பேடு சுவடி, பின்புறம், பால்பாயின்ட் பேனா எழுத்து, வலது ஓரம் டீயால் சிதைவு; ‘பட்டை’ என்பதைப் ‘பாட்டி’ எனப் பாடங்கொண்டு, கண்ணீர் அஞ்சலிப் பேனரோடு பொருத்தி, முப்பது பக்கம் உரை வரைந்தாரும் உளர்; அவரே என் நெறியாளர் ஆதலின் அப்பாடமே சிறந்தது என்க).

ஒப்பாய்வு

பட்டை மென்பொருளுக்கு மட்டும் உரியதன்று. இலக்கிய வரலாற்று நூல்களும் 8 பிட்டில் எழுதப்பட்டவையே. சங்கம் மருவிய காலத்தில் படுத்த ஒருவர் பொழுது விடிந்ததும் பல்லவர் காலத்தில் எழுந்திருக்கிறார். பக்தி இயக்கம் அவர் வாசலில் காத்து நிற்கிறது. எந்தப் புலவரும் எல்லைக்கோட்டின் இருபுறமும் சிதறி வாழ அனுமதிக்கப்படவில்லை. ஒரு நூலைக் கோட்டுக்கு இப்பால் வைப்பதா அப்பால் வைப்பதா என்று தலைமுறை தலைமுறையாக நடக்கும் சண்டையைப் பார்க்கையில், அத்துறையில் யாராவது அந்தச் சிறு கட்டத்தில் டிக் அடித்திருக்கலாமே என்று தோன்றுகிறது.

முடிவுரை

மரபுப்படி முன்னே சொன்னவற்றையே இங்கும் சொல்ல வேண்டும். வாசகர் மேலுள்ள இயல்களை மீண்டும் படித்து, ‘ஆராயப்படும்’ என்று வருமிடமெல்லாம் ‘ஆராயப்பட்டது’ எனத் திருத்திக்கொள்க.

மேலாய்வுக் களங்கள்

வட்டச் சரிவு பின்வரும் ஆய்வாளருக்கு விடப்படுகிறது. அதன் மையம் எங்கே என்பதில் கருத்து வேறுபாடு எழுவது உறுதியாகையால் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்று கூட்டப்படும். பங்கேற்புக் கட்டணம் முன்னதாகவே செலுத்துக. சான்றிதழின் பின்னணியில் நிறச்சரிவு உண்டு. அதில் பட்டை தெரிந்தால் பணம் திருப்பித் தரப்படமாட்டாது.