மேலே ஏழு, கீழே முப்பது

எண்பதுகளில் கல்முனைக்குடியிலிருந்து சவூதிக்குப் போகிறவனிடம் என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று யாரும் முதலில் கேட்பதில்லை. "எத்தின கிலோ கொண்டுபோகலாம்?" என்றுதான் கேட்பார்கள். சம்பளம் அவன் பாடு. கிலோ ஊருக்குச் சொந்தம்.

அப்போது சாதாரண வகுப்புக்குப் பெரும்பாலும் 20 கிலோதான். விசா வந்த செய்தி வீட்டுக்கு எட்டுமுன் அடுத்த தெருவுக்கு எட்டிவிடும். மறுநாள் காலையிலிருந்து முற்றத்தில் ஆள்வரவுதான். தம்மாமில் இருக்கும் மகனுக்குக் கட்டாக் கருவாடு, ரியாத் மருமகனுக்குச் சீனிச் சம்பல், ஜித்தாவில் சாரதியாக இருக்கும் காக்காவுக்கு மருதமுனைக் கைத்தறிச் சாறன் இரண்டு, அதற்குள் சுருட்டி வைத்த ஒரு கடிதம். எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "கொஞ்சம்தான் மகன், ரெண்டு கிலோகூட வராது." யாருடைய பார்சலும் இரண்டு கிலோவைத் தாண்டியதாக வரலாறு இல்லை. ஆனால் எல்லாவற்றையும் கூட்டினால் போகிறவனின் உடுப்புக்கு இடமிருக்காது.

நிறுப்பதற்குக் கடற்கரையில் மீன் நிறுக்கும் தூக்குத் தராசை இரவல் வாங்கிவருவோம். அது நாள் முழுக்கச் சூரையும் பாரையும் தூக்கிக் களைத்த தராசு. பெட்டியைக் கொக்கியில் மாட்டி, முருங்கைக் கிளையில் கட்டி, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, வாப்பா தலையைச் சரித்து முள்ளைப் பார்ப்பார். இருபத்தேழு. பெட்டி இறங்கும், ஒரு சாறன் வெளியே வரும், பெட்டி மீண்டும் ஏறும். கடைசியில் கருவாடு இல்லாத பெட்டியிலும் மீன் மணக்கும்.

தீர்வு கைப்பையில் இருந்தது. கவுண்டரில் பெட்டியை நிறுப்பார்களே தவிர, கையில் இருப்பதை அப்போதெல்லாம் பெரும்பாலும் யாரும் நிறுப்பதில்லை. ஆகவே கனமானவை எல்லாம் கைக்கு வந்தன. அம்மிக் குழவிகூட அப்படிப் போனதாக ஊரில் கதை உண்டு, நான் கண்டதில்லை. கண்டது வேறு: தோளில் கிடக்கும் பை முதுகெலும்பை வளைத்துக்கொண்டிருக்க, முகத்தில் மட்டும் பஞ்சு சுமக்கிற பாவனையோடு கவுண்டரில் நின்று புன்னகைக்கும் எங்கள் ஊர்ப் பையன்கள். சேட்டுக்கு மேல் சேட்டு, அதற்கு மேல் குளிருக்குப் போடும் ஜக்கெட், அதன் பைகளில் மிளகாய்த்தூள். கைப்பை 'மேலே', சரக்கறைக்குப் போகும் பெட்டி 'கீழே'. உம்மாவின் சட்டம் தெளிவாக இருந்தது: உடையக்கூடியது மேலே, ஊசிப்போகக்கூடியது மேலே, மணக்கிறது கீழே. கருவாட்டை மடியில் வைத்துக்கொண்டு நாலைந்து மணித்தியாலம் அந்நியர் நடுவில் இருக்கக்கூடாது என்ற அளவில் அந்தச் சட்டத்தில் மனிதாபிமானமும் இருந்தது.

திரும்பி வருவது இன்னொரு காவியம். மட்டைப் பெட்டி, அதைச் சுற்றி நைலோன் கயிறு, நாலு பக்கமும் தடித்த மார்க்கரால் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், 'கல்முனை, ஸ்ரீ லங்கா'. உள்ளே நேஷனல் பனசோனிக் கசெற், நிடோ டின், டேங், கோடாலித் தைலம், வாசனைச் சவர்க்காரம். எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் போர்வை. புலி படமோ பெரிய ரோசாப் பூவோ போட்ட, ஓராள் தூக்க முடியாத மொத்தப் போர்வை. வெயில் கொளுத்தும் பாலைவனத்திலிருந்து வெயில் கொளுத்தும் கடற்கரைக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். மார்கழி மழைக்குக்கூட யாரும் அதைப் போர்த்தியதாக நினைவில்லை. கல்யாண வீட்டுக் கட்டிலில் விரித்துக் காட்டிவிட்டு மடித்து வைப்போம்.

கட்டுநாயக்கவிலிருந்து கல்முனைக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். கூட்டிவர ஒரு வேன் நிறைய ஆள் போகும். வரும்போது ஆட்களுக்கு நடுவே பெட்டியா, பெட்டிகளுக்கு நடுவே ஆட்களா என்று தெரியாது. யுத்த காலம். சுங்கம் ஒருமுறைதான் திறந்தது. அதற்குப் பிறகு வழியிலுள்ள சோதனைச்சாவடிகள் திறந்தன. அம்பாறை தாண்டி ஊருக்குள் நுழையும்போது நைலோன் கயிறு முடிச்சு முடிச்சாக இருக்கும். ஆனாலும் அந்த மட்டைப் பெட்டிக்கு ஒரு கௌரவம் இருந்தது. இரண்டு வருடம் உழைத்துவிட்டு ஒரு கைப்பையோடு இறங்குகிறவனைப் பார்த்து, "பாவம், கபில் சரியில்லப் போல" என்று அவனுடைய சவூதி முதலாளியை நொந்து தெருவே அனுதாபப்படும். கெட்டிக்காரர்கள் இதற்கும் வழி கண்டார்கள். வெறுங்கையோடு இறங்கி, கட்டுநாயக்க வருகைக் கூடத்துத் தீர்வையற்ற கடையில் டீவியும் குளிரூட்டியும் வாங்கி வேனில் ஏற்றினார்கள். நம்முடைய வாசலில் வாங்கிய டீவிதான். ஊரில் அது 'சவூதி டீவி'.

சூட்கேசுக்குச் சக்கரம் பூட்டியவர் பேர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர். 1972இல் காப்புரிமை பெற்றார். 1987இல் றொபர்ட் பிளாத் என்ற விமானி அதை நிமிர்த்தி, இரண்டு சக்கரமும் இழுகைப்பிடியும் வைத்தார். மனிதன் நிலவில் நடந்த பிறகுதான் பெட்டிக்கு உருளத் தெரிந்திருக்கிறது. எங்களுக்கு அது வந்து சேர இன்னும் பிந்தியது. வந்தபோதும் கடற்கரைப் பள்ளிப் பக்கத்து ஒழுங்கைகளில் மணல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. சக்கரப் பெட்டியை எங்கள் ஊரில் இழுத்தவர்களைவிடத் தலையில் வைத்துப் போனவர்களைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன்.

பிறகு 2006 ஓகஸ்டில் லண்டனில் ஒரு சதித்திட்டம் பிடிபட்டது. எங்கோ யாரோ திரவக் குண்டு செய்ய நினைத்ததன் பலன், எங்கள் மாமிமாரின் தேங்காயெண்ணெய்ப் போத்தலில் வந்து விடிந்தது. 100 மில்லிக்கு மேல் மேலே ஏறாது என்றானது. அதனால் அத்தர் கீழே போனது. போய் உடைந்து, பக்கத்திலிருந்த கருவாட்டுக்கு ஊது மணத்தைக் கொடுத்தது. ஸம்ஸம் தண்ணீர் மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல் தனிச் சாதியானது. ஒருகாலத்தில் பெரிய கலன்களில் அவரவர் நிரப்பி வந்தார்கள். இப்போது மட்டைப் பெட்டிக்குள் 5 லீற்றர் போத்தல், ஆளுக்கொன்று.

மேலேயா கீழேயா என்ற கேள்வி மார்க்கச் சட்டத்துக்குள்ளேயே நுழைகிற இடம் ஒன்று உண்டு. உம்றாவுக்கோ ஹஜ்ஜுக்கோ போகிறவர் மீக்காத் எல்லையைத் தாண்டுமுன் இஹ்ராம் கட்டியாக வேண்டும். விமானத்தில் போகிறவருக்கு அந்த எல்லை ஜித்தாவில் இறங்குமுன், ஆகாயத்திலேயே வந்துவிடும். அதனால் வகுப்பு எடுக்கிற மௌலவி மூன்றுமுறை சொல்வார்: "இஹ்ராம் துணி கைப்பையில." என் மச்சான் ஒருவர் மூன்றுமுறையும் தலையாட்டிவிட்டு, வெள்ளைத் துணி கசங்கிவிடுமே என்று பெரிய பெட்டியின் அடியில் மடித்து வைத்தார். எல்லை நெருங்குகிறது என்று விமானத்தில் அறிவித்தபோது, இஹ்ராம் அவருக்குக் கீழே, சரக்கறையில், சற்றும் கசங்காமல் பயணம் செய்துகொண்டிருந்தது. இஹ்ராம் இல்லாமல் எல்லை தாண்டினால் பரிகாரமாக ஓர் ஆடு அறுக்க வேண்டிவரும். மச்சான் சவூதியில் ஆட்டின் விலையை றியாலில் விசாரிக்கத் தொடங்கிவிட்டார். கூட வந்த மௌலவி தன் பையிலிருந்த மாற்றுத் துணியைக் கொடுத்துத் தப்ப வைத்தார்.

இப்போது என் மகன் தோஹாவில் இருக்கிறான். கைப்பேசியிலேயே டிக்கட் போடுகிறான். மலிவான டிக்கட்டில் கீழே ஒன்றும் போடமுடியாது. போடுவதானால் தனிக் காசு. 2008இல் பெரிய அமெரிக்க நிறுவனம் ஒன்று முதல் பெட்டிக்கே 15 டொலர் கேட்கத் தொடங்கியது. பிறகு மற்றவர்களுக்கும் அந்த ருசி தெரிந்துவிட்டது. காசு கட்டினால் கீழே முப்பதுவரை போகலாம். இவனோ மேலே கிடைக்கும் ஏழு கிலோ முதுகுப்பையோடு வந்து இறங்குகிறான். எங்கள் காலத்தில் இப்படி வந்திருந்தால் உம்மா யாசீன் ஓதியிருப்பா. இன்று இதற்குப் பெயர் நாகரிகம். நிடோவும் டேங்கும் கல்முனை சுப்பர்மார்க்கட்டில் அடுக்கிக் கிடக்கின்றன. பெரிய சாமான் ஏதும் இருந்தால் யூபிபி, அதாவது ஆளோடு வராத பொதி என்று கப்பலில் போட்டுவிடுகிறான்; அது ஆறுதலாக வந்து சேரும்.

ஆனால் போன முறை கவுண்டருக்குப் போகுமுன் அவன் செய்ததைப் பார்த்தேன். ஜீன்சுக்கு மேல் இன்னொரு ஜீன்ஸ். கட்டுநாயக்க வெக்கையில் ஜக்கெட். அதன் பைகளில் சார்ஜரும் பவர் பேங்கும். பவர் பேங்கைக் கீழே போடவே கூடாதாம், தீப்பிடிக்குமாம். முகத்தில் அதே பஞ்சுப் புன்னகை. நாங்கள் இருபதை இருபத்தேழாக்க வேர்த்தோம். இவன் ஏழு எட்டாகாமல் இருக்க வேர்க்கிறான்.

மனைவிக்கு இந்த நாகரிகம் பிடிபடவில்லை. இந்த முறையும் கருவாடு, சம்பல், கறித்தூள், தொதல் எல்லாம் மேசையில் ஏறிவிட்டன. "கொஞ்சம்தான் மகன்."

"உம்மா, அங்க எல்லாம் கிடைக்கும். கருவாடும் கிடைக்கும்."

"கிடைக்கும். அது ஆர்ர கருவாடு?"

அவனிடம் பதில் இல்லை. இரவோடு இரவாகக் கைப்பேசியில் 20 கிலோ வாங்கினான். கட்டிய காசுக்கு அந்தக் கருவாட்டைப் போல இரண்டு பங்கு வாங்கலாம். பெட்டியை அடைத்து, டிஜிட்டல் கொக்கித் தராசில் தூக்கினான். இருபத்தொன்று. அவன் தொதலை எடுக்கக் கை நீட்டுமுன் மனைவி பெட்டியைத் திறந்து, அவனுடைய புதுச் சப்பாத்துச் சோடியை வெளியே வைத்தாள்.

"இது அங்க கிடைக்கும்தானே."